டப்பாவின் அடி மருந்து

—பொண்ணுக்குப் பட்டை போட்ட இனிப்பு ரோல் கொடுக்கப் போறவன் இப்படியா வண்டி ஓட்டுவான், மெர்ல்? தட்டு எகிறி ரெண்டு தரம் என் மோவாய்ல இடிச்சாச்சு.

—ரோடு அப்படி, அம்மணி. நான் என்ன பண்ண?

—போன வாரமும் இதே ரோடுதான். அப்ப எருமை மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வந்த.

—ரோல் ஆறிடும்ல. சூடா கொடுத்தாத்தான் நல்லாருக்கும்.

—என் காதுல பூ சுத்தாத. விடியக்காலம் எழுந்து ஆறின ரோலை அலமாரிக்குள்ள கையை விட்டுத் திங்கிற ஆளு நீ. இன்னைக்கு வேட்டைக்காலம் தொடங்கற முதல் நாள். இந்த நாள்ல பொண்ணோட கூடாரத்துப் பக்கம் நீ போனதே கிடையாது. "நாம நடுவுல போய் நின்னா மான் கலைஞ்சிடும்"னு எனக்குப் பாடம் எடுப்ப. இன்னைக்கு என்னடான்னா முகத்தைக்கூட மழிக்காம, "ஷானாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ரோல் கொண்டு போவோம் வா"ங்கிற.

—ஒரு அப்பன் பொண்ணைப் பார்க்கப் போகக் கூடாதா?

—போகலாம். சட்டையைத் தப்பா பொத்தான் போட்டுக்கிட்டுத்தான் போகணுமா?

—ஒண்ணுமில்ல. ஷானாகிட்ட கொடுத்தேனே தோட்டா, பச்சை டப்பா. அதைத் திருப்பி வாங்கிக்கலாம்னு.

—எதுக்கு?

—சும்மா. ஒரு சின்ன சந்தேகம்.

—சின்ன சந்தேகத்துக்கு யாரும் வண்டியை இப்படி விரட்ட மாட்டாங்க. வேகத்தைக் குறைச்சுட்டு விஷயத்தைச் சொல்லு.

—வேகத்தைக் குறைக்க முடியாது ஆர்டித். காலையில சுட்டாளா இல்லையான்னு தெரியல. சுடாம இருந்தா சாயங்காலம் சுடுவா. அதுக்குள்ள நான் போய்ச் சேரணும்.

—அப்படி என்ன கெட்டுப்போச்சு அதுல?

—உள்ள இருக்கிற வெடிமருந்து.

—மருந்துக்கு என்ன?

—உனக்கு இதெல்லாம் புரியாது.

—ஓகோ. கீழ்த்தளத்துல நீ தோட்டா நிரப்ப உக்காந்தா, சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டைக் கழுவிக் காயவெச்சுக் கொடுக்கிறவ யாரு? பக்கத்து வீட்டுக்காரியா? நீ கல்யாணம் பண்ணின நாள்லேருந்து அந்த மேசைக்கு எதிர்லதான் நான் துணி துவைக்கிறேன். எனக்குப் புரியும். சொல்லு.

—கொரோனா வந்ததிலேருந்து நம்ம மருந்து எங்கயும் கிடைக்கல. அது உனக்கே தெரியும்.

—தெரியும். இந்த மோன்டானாவுல நீ போன் போடாத கடை இல்ல.

—எங்க அப்பா துப்பாக்கி பழைய அளவு. அதுக்குத் தோட்டா கடையில வர்றதை நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு. வீட்டுல நிரப்பினாத்தான் உண்டு. நிரப்ப மருந்து வேணும். அது இல்லன்னா அதுக்குப் பதிலா எதைப் போடலாம்னு தோட்டா நிரப்பற புத்தகத்தைப் பார்த்தா, புது மருந்து எதுக்கும் நம்ம அளவு போடவே இல்ல. ஒரு கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், பதிலே இல்ல. துப்பாக்கிச் சந்தையில ஒருத்தன், "இதைப் போடு, அதோட தம்பி மாதிரிதான்"னான். வாங்கிட்டு வந்து பார்த்தா புத்தகத்துல கொட்டை எழுத்துல "கூடாது"ன்னு போட்டிருக்கு. இன்னொண்ணு புத்தகம் சரின்னுச்சு. போட்டுப் பார்த்தேன். ஒரே புகை. குண்டு முழம் கீழ போய் விழுது.

—அந்த வாரம் முழுக்க வீட்டுல யார்கிட்டயும் நீ பேசல.

—எப்படிப் பேசுவேன்? பதினொரு வருஷமா குலுக்கல்ல பேரைப் போட்டுப் போட்டு, இந்த வருஷம்தான் நம்ம பொண்ணுக்குக் கொம்பன் அடிக்க அனுமதி விழுந்திருக்கு. எல்க் மான் ஆர்டித், அதுவும் அந்தக் காட்டுல! தாத்தா துப்பாக்கியாலதான் அடிப்பேன்னு சின்னப் பிள்ளையிலேருந்து சொல்லிட்டிருக்கா. அவகிட்டப் போய், "அம்மாடி, அப்பாவால மருந்து தேட முடியல, வேற துப்பாக்கி எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லச் சொல்றியா?

—ஆமா. அதைத்தான் சொல்லியிருக்கணும்.

—உனக்கென்ன, ஈஸியா சொல்லிட்ட.

—சரி, மருந்து கிடைக்கல. அப்புறம் பச்சை டப்பாவுல இருக்கிறது என்னவாம், கோதுமை மாவா?

—கிடைச்சுது. கடைசியில கிடைச்சுது.

—எங்க?

—லோர்னா வீட்டுல. அவ புருஷன் கிளீட் செத்ததுக்கு அப்புறம் அவனோட கொட்டகைச் சாமானெல்லாம் வித்தாளே, அங்க.

—ம்.

—பெஞ்சுக்கு அடியில ஒரு டப்பா. நம்ம மருந்தேதான், அதே பேரு, அதே லேபிள். பார்த்ததும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

—மூடி திறந்திருந்துதா, சீல் இருந்துதா?

—மூடி இருந்துது.

—மெர்ல்.

—பாதி இருந்துது.

—பாதி இருந்துதா?

—பாதிக்குக் கொஞ்சம் மேல.

—ஆண்டவரே! உன் மேசைக்கு மேல மாட்டியிருக்கிற பலகையில என்ன எழுதியிருக்கு? நீயே பெயின்ட்ல எழுதினது. படி.

—எனக்குத் தெரியும்.

—தெரிஞ்சா படி.

—"அடுத்தவன் திறந்த டப்பாவைத் தொடாதே."

—வீட்டுக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் அதைக் காட்டி விரல் ஆட்டுவ. ட்ராய் மாப்பிள்ளையா வந்த முதல் நாளே அவனை அது முன்னாடி நிக்க வெச்சு வாசிக்கச் சொன்ன. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கு இல்ல.

—பார்த்தேன் ஆர்டித், நல்லாப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன். மோந்து பார்த்தேன். உள்ளங்கையில கொட்டிப் பார்த்தேன். குட்டிக் குட்டிக் குச்சி மாதிரி இருந்துது, நம்ம மருந்து அப்படித்தான் இருக்கும். அதோட விட்டேனா? முதல்ல நிரப்பின மூணைக் கல் குவாரிக்குக் கொண்டு போனேன். பழைய டிராக்டர் டயர்ல துப்பாக்கியைக் கட்டி, விசையில கயிறு கட்டி, வண்டிக்குப் பின்னால படுத்துக்கிட்டு இழுத்தேன். மூணும் தங்கமா போச்சு.

—வண்டிக்குப் பின்னால படுத்துக்கிட்டு!

—முன்னெச்சரிக்கை.

—நீ வண்டிக்குப் பின்னால. நம்ம பொண்ணு அதைக் கன்னத்துல ஒட்டி வெச்சுக்கிட்டுச் சுடணும். அப்படித்தானே?

—குத்திக் காட்டாத. நானே வெந்துக்கிட்டிருக்கேன்.

—மூணும் தங்கமா போச்சுன்னா இன்னைக்கு ஏன் பறக்கிற?

—இன்னைக்குக் காலையில டப்பாவைக் கழுவி எறியலாம்னு எடுத்தேன். அடியில ஒட்டிக்கிட்டிருந்ததை டார்ச் அடிச்சுப் பார்த்தேன்.

—ம்.

—குச்சி இல்ல. தட்டை தட்டையா, மீன் செதில் மாதிரி இருந்துது.

—அப்படின்னா?

—அது கைத்துப்பாக்கி மருந்து ஆர்டித். குப்புனு ஒரே நொடியில எரியும். நீளத் துப்பாக்கிக்கு வேண்டியது நின்னு மெதுவா எரியறது. கிளீட் ஏதோ ஒரு மிச்சத்தை அதுல கொட்டியிருக்கான், அப்புறம் அதுக்கு மேல சரியானதைக் கொட்டியிருக்கான். நான் டயர்ல கட்டிச் சுட்டது மேல இருந்த மருந்து. போகப் போக அடிக்கு வந்தேன். எந்த இடத்துல குச்சி முடிஞ்சு செதில் ஆரம்பிச்சுதுன்னு... எனக்குத் தெரியல.

—நிரப்பும்போது கண்ணுக்குத் தெரியலையா?

—கீழ்த்தளத்துல வெளிச்சம் பத்தல.

—வெளிச்சமா, கண்ணா?

—வெளிச்சம்தான்.

—கண் டாக்டர்கிட்ட ரெண்டு தரம் நாள் வாங்கிக் கொடுத்தேன். ஒரு தரம் மாட்டுக்குக் காய்ச்சல்னு போகல. இன்னொரு தரம் மாடே இல்லாம காய்ச்சல்.

—இப்ப அதைப் பேசற நேரமா? அந்தச் செதிலை நிரப்பின ஒண்ணு போதும். துப்பாக்கி அவ முகத்துக்குப் பக்கத்துலயே வெடிச்சிடும். கண்ணு போகும், கை போகும், ஆளே... நீ என்ன இப்படிக் கல்லு மாதிரி உக்காந்து ரோல் தின்னுட்டிருக்க? அவ உனக்கும் பொண்ணுதானே! உன் நெஞ்சு பதறலையா?

—வண்டியை ஓரம் கட்டு.

—முடியாது.

—ஓரம் கட்டு மெர்ல். சொன்னாக் கேளு. அந்தப் பாலத்துக்கிட்ட நிறுத்து.

—...நிறுத்திட்டேன். என்ன?

—கீழ இறங்கி வா. முதல்ல மூச்சு விடு. இந்தா, இந்தக் காபியைக் குடி. பச்சை டப்பா ஷானாகிட்ட இல்ல.

—என்ன?

—என் தையல் கூடைக்குள்ள இருக்கு. வியாழக்கிழமை சர்ச்சுல பாட்டுப் பயிற்சி முடிஞ்சு லோர்னா என்கிட்ட வந்தா. "உன் புருஷன் எங்க வீட்டு மருந்து டப்பாவைக் கொண்டு போயிருக்காரே. கிளீட் கடைசிக் காலத்துல எதை எதுல கொட்டறோம்னு தெரியாமக் கொட்டுவாரு, சமையலறையில உப்பு டப்பாவுல சர்க்கரையைக் கொட்டினவரு, பார்த்துக்கச் சொல்லு"ன்னா. வீட்டுக்கு வந்தேன். ஷானா வந்திருந்தா, அவ வேட்டைப் பை வாசல்ல இருந்துது. டப்பாவை எடுத்துட்டேன்.

—ஆர்டித்!

—என்ன ஆர்டித்?

—ஆர்டித், நீ... அட என் தங்கமே! இத்தனை நேரம் தெரிஞ்சுக்கிட்டேவா என்னை இப்படி வறுத்த?

—உன் வாயால வரணும்னுதான். வியாழக்கிழமை ராத்திரி பூரா பார்த்தேன், வெள்ளி பூரா பார்த்தேன். "இப்படி ஒரு காரியம் பண்ணிட்டேன்"னு நீயே வந்து சொல்லுவேன்னு காத்திருந்தேன். வாயே திறக்கல. பொண்ணுகிட்டயும் சொல்லல. கொஞ்சம் வேகட்டும்னு விட்டேன்.

—கொலைகாரி. என் உயிரே போயிடுச்சு.

—போகல. இருக்கு, தாடியில ரோல் சர்க்கரையோட. துடை.

—சிரிக்காத. அவ... அவளுக்கு ஒண்ணும் ஆகாது?

—ஒண்ணும் ஆகாது.

—அப்பாடா. இன்னொரு ரோல் கொடு. ...தெரியுமா, அவளை மாதிரி ஒருத்தி கிடையாது ஆர்டித். போன வருஷம் அந்தப் பெண்மானை அடிச்சுட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, "உங்க தோட்டா நூல் பிடிச்ச மாதிரி போச்சுப்பா"ன்னா. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்திருக்கியா? குழாய்க்குள்ள துளி கரி இருக்காது. நான் வளர்த்த வளர்ப்பு அது.

—ம். வளர்ப்பு.

—ஒரே ஒரு குறைதான். சுட்ட கூட்டைப் பொறுக்கிட்டு வர மாட்டா. ரெண்டு வருஷமா ஒண்ணுகூட வீடு வந்து சேரல. கேட்டா புல்லுல விழுந்துடுச்சு, பனியில விழுந்துடுச்சுன்னுவா. அந்தக் கூட்டை இப்ப எங்க போய் வாங்குவேன்?

—கூடா இப்ப பெரிசு? பிள்ளை பத்திரமா இருக்கா, அதைப் பாரு.

—அதுவும் சரிதான். ...ஆமா, பச்சை டப்பாவை எடுத்துட்டேன்னியே. பை வெறுமனே இருந்தா அவளுக்குத் தெரியாதா?

—வெறுமனே ஏன் விடுவேன்? நான் என்ன மடச்சியா? அதுக்குப் பதிலா உன்னோட சிவப்பு டப்பாவை வெச்சேன்.

—எதை?

—சிவப்பு டப்பா. கீழ் டிராயர்ல பத்திரமா வெச்சிருப்பியே, மருந்துப் பஞ்சத்துக்கு முன்னாடி நிரப்பின நல்ல சரக்கு. மூடியிலயே "பழசு, நல்லது"ன்னு எழுதியிருக்கே.

—சிவப்பு டப்பாவையா?

—மெர்ல்? காபியைக் கொட்டற பாரு, கால்ல ஊத்துது!

—ஏறு. கதவைச் சாத்து.

—என்னய்யா ஆச்சு?

—கதவைச் சாத்துடி!

—சாத்தியாச்சு. என்னன்னு சொல்லிட்டு ஓட்டு. ஐயோ, மெதுவா!

—அதுல இருந்த பழசு இப்ப இல்ல.

—எங்க போச்சு?

—சுட்டுட்டேன். பனிக்காலத்துல. நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்போ குவாரிக்குப் போனேன். காகித அட்டையை மாட்டிட்டு ஒண்ணு சுட்டேன், படல. இன்னொண்ணு, அதுவும் படல. எனக்குக் கோபம் வந்துடுச்சு. பட்டாத்தான் வீட்டுக்குப் போவேன்னு உக்காந்தேன். டப்பா காலியாச்சு. அட்டையில ஒரு ஓட்டை இல்ல.

—ஆண்டவரே. அப்போ சிவப்பு டப்பாவுல இருக்கிறது?

—கிளீட்டோட மருந்து. பச்சை டப்பா நிறைஞ்சதும் மிச்சத்தை அதுல போட்டேன். கடைசியா நிரப்பினதெல்லாம் அதுலதான் ஆர்டித். அடி மருந்து முழுக்க அதுலதான்.

—மூடியில "நல்லது"ன்னு எழுதியிருக்கே!

—எழுதினதை அழிக்கல.

—அழிக்கலையா? உப்பு டப்பாவுல சர்க்கரை கொட்டின கிளீட்டும் நீயும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான்யா! நான் என் கையால... நல்லதுன்னு நினைச்சு என் கையால எடுத்து அவ பைக்குள்ள வெச்சேன். ஐயோ, பச்சை டப்பாவே இருந்திருக்கலாமே!

—அழாத. எனக்கு ரோடு தெரியல.

—உனக்கு ரோடு தெரியாதது நான் அழறதால இல்ல! நான் ஓட்டறேன், தள்ளு.

—மாறி உக்காரற நேரம் இல்ல. நீ சொல்லிட்டே வா, நான் ஓட்டறேன்.

—இடது பக்கம் பள்ளம். நேரா... நேரா. ரோட்டுக்குக் குறுக்க மாட்டுத் தடுப்புக் கம்பி வருது, மெதுவா. ம், போ. போனை எடு, போனைப் போடு.

—இங்க எடுக்காது. மாட்டுப்பட்டி மேட்டுல ஏறினாத்தான் எடுக்கும்.

—வியாழக்கிழமையே உன்கிட்டக் கேட்டிருந்தா... ஒரு வார்த்தை கேட்டிருந்தா.

—நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

—காலையில ஏதாவது வெடிச்சிருந்தா ட்ராய் இந்நேரம் வண்டியை எடுத்துட்டு இந்த வழியாத்தானே வந்திருப்பான்? எதிர்ல யாரும் வரலையே. வரலதானே?

—வரல.

—அப்போ சுடல. இன்னும் சுடல. கர்த்தரே, இன்னும் சுட்டிருக்கக் கூடாது. வலது பக்கம் ஒடி. பட்டி தெரியுது. நிறுத்து, இங்க சிக்னல் கோடு ரெண்டு காட்டுது. கொண்டா, நானே போடறேன், உன் கண்ணுக்குப் பட்டன் தெரியாது.

—அடிக்குதா?

—அடிக்குது... எடுக்க மாட்டேங்கிறா.

—மறுபடி போடு.

—போடறேன். எடு கண்ணு, எடு, எடு... எடுத்துட்டா! ஸ்பீக்கர்ல போடறேன்.

—அம்மா, என்ன இந்த நேரத்துல? மெதுவா பேசு. போன் நடுங்கி நடுங்கிச் சத்தம் போடுது.

—ஷானா, நான் அப்பா பேசறேன். துப்பாக்கியைக் கீழ வை.

—ப்பா? நீங்களும் இருக்கீங்களா? ப்பா, நான் மேட்டு உச்சியில படுத்திருக்கேன். எனக்கு நேர் கீழ ஒரு கொம்பன் படுத்திருக்கான். இவ்வளவு பெரிசு நான் பார்த்ததே இல்ல. எழுந்து நின்னான்னா...

—எழுந்தாலும் சுடாத! தோட்டாவை வெளிய எடும்மா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன்.

—என்னப்பா சொல்றீங்க? பதினொரு வருஷம்ப்பா.

—மான் போனா போகுது மகளே. உன் பையில இருக்கிற சிவப்பு டப்பா, அது கெட்ட மருந்து. அடுத்தவன் திறந்த டப்பாவை வாங்கி நிரப்பிட்டேன். பலகையில எழுதி மாட்டினவனே அதைச் செஞ்சுட்டேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல ஷானா. குச்சியா செதிலான்னே தெரியாம உனக்கு நிரப்பிக் கொடுத்துட்டேன். உங்கம்மாகிட்டயும் சொல்லல, உன்கிட்டயும் சொல்லல.

—நானும்தாண்டி. நான்தான் டப்பாவை மாத்தி வெச்சேன். என்னையும் திட்டு.

—ஷானா? இருக்கியாம்மா? வெச்சிட்டாளா ஆர்டித்?

—இருக்கேன்ப்பா. ப்பா, நீங்க அழறீங்களா?

—இல்ல. ஆமா. துப்பாக்கியைக் கீழ வெச்சியா இல்லையா?

—ப்பா, பயப்படாதீங்க. என் கையில இருக்கிறது தாத்தா துப்பாக்கி இல்ல. ட்ராயோடது. கடையில வாங்கின தோட்டா.

—தாத்தா துப்பாக்கி எங்க?

—ட்ராய் வண்டியில, சீட்டுக்குப் பின்னாடி. சிவப்பு டப்பாவும் அங்கதான் கிடக்குது. திறக்கவே இல்ல.

—ஏம்மா? தாத்தா துப்பாக்கிக்கு என்ன ஆச்சு?

—துப்பாக்கிக்கு ஒண்ணும் ஆகலப்பா.

—பின்ன?

—ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க நிரப்பிக் கொடுத்த ஒண்ணுல மருந்தே இல்லப்பா. அன்னையிலேருந்து உங்க தோட்டாவை நான் சுட்டதே இல்ல.